காலருக்கு உள்ளே

அன்புள்ள தங்கச்சி வாலுக்கு,

உயிரோடும் உடம்போடும் இருக்கும் உன் அண்ணன் எழுதுவது. உடம்பு கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, தொண்ணூற்றாறு கிலோ எடையுள்ள நான், நம் லாண்டரியின் அழுக்குக் கூடைக்குள் இருபத்தைந்து நிமிஷம் ஒளிந்திருந்தேன். ஓட்டல் படுக்கை விரிப்புகள் வருமே, சக்கரம் வைத்த பெரிய கூடை, அதற்குள். மேலே நாலு விரிப்பை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதில் ஒன்றில் யாரோ கறிக்குழம்பைக் கொட்டியிருந்தார்கள். மீதியை நீயே யோசித்துக்கொள். அண்ணிக்கு இது தெரியாது. தெரிந்தால் இந்த ஜென்மம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

ஒளிந்ததற்குக் காரணம், சாம்பல் சட்டைக்காரர்கள் நாலு பேர் வீதி முனையில் திரும்பி வருவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். வீதிக் காவல் குழு என்று அவர்களுக்குப் பெயர். எதிலிருந்து காவல் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் உன்னிடமிருந்துதான் என்று ஆகிவிடும். அவர்களைப் பார்த்ததும் என் மூளை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றது, கால் மட்டும் கூடைக்குள் போய்விட்டது.

வந்தவர்கள் அடிக்க வரவில்லை, வால். சலவைக்குச் சட்டை போட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலமாம், முப்பது சட்டை. "கஞ்சி நல்லா போடச் சொல்லுங்க, போன தடவ காலரு தொங்கிப் போச்சு" என்று ஒருவன் குறைப்பட்டுக்கொண்டான். அடச்சே, காலருக்காகவா இந்தக் குழம்பு வாசனை என்று நான் உள்ளே மூச்சு விட்டேன். அவர்கள் கிளம்பும் சத்தமும் கேட்டது. அப்போதுதான் அவர்களில் ஒருவன், போகிற போக்கில் மழை வருமா என்று கேட்பது போல, "மொதலாளியோட தங்கச்சி ஊருக்கு வர்றாங்களாமே?" என்று கேட்டான். இஸ்திரி போடும் நம் நீராவி, "ஆமாங்க, பதினாலாம் தேதி. குடும்பத்தோட" என்றான். "குடும்பத்தோடன்னா?" என்று அவன் இழுத்தான். "அதாங்க, அவரும்தான்" என்று மாப்பிள்ளையையும் சேர்த்துச் சொன்னான் நீராவி. எந்த வண்டி என்று கேட்டார்கள். காலை வண்டி என்றான். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் குரலில் சொன்னான். அதற்குப் பிறகு பேனா மூடியைக் கழற்றும் சத்தம் எனக்குக் கேட்டது. குழம்பு நாற்றம் அந்த நிமிஷத்தோடு என் மூக்கிலிருந்து போய்விட்டது.

அவர்கள் போன பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தொப்பை மாட்டிக்கொண்டது. நீராவிதான் கூடையைச் சாய்த்து என்னை வெளியே கொட்டினான். "உள்ள என்னண்ணே தேடுனீங்க?" என்றான். சாவி என்றேன். "கெடச்சுதா?" என்றான். இல்லை என்றேன். என் தோளில் இருந்த நூலைத் தட்டிவிட்டு, "அவங்க நல்லவங்கண்ணே, பயப்படாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டான். நாலு அடி கிடைத்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நீராவியை நீ கெட்டவன் என்று நினைக்கக் கூடாது. உன் பள்ளிக்கூடப் பாவாடைக்கு மடிப்பு வைத்தவன். நீ அதைப் போட்டுக்கொண்டு புழுதியில் உட்கார்ந்து வந்தால் திட்டாமல் திரும்ப மடிப்பு வைத்தவன். மேசையில் எறும்பு ஊர்ந்தால் வாயால் ஊதி அனுப்பிவிட்டுத்தான் பெட்டியை வைப்பான். அப்படிப்பட்ட ஆள் எப்படி இப்படி ஆனான் என்று எனக்கு நானே கேட்டுக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாளில் ஆகவில்லை. துணி வெளுப்பது போலத்தான், ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக.

அவன் மகன் ரயில் நிலையத்து வேலைக்கு எழுதினானே, கிடைக்கவில்லை. அது நிலைய அதிகாரியின் அக்கா மகனுக்குப் போயிற்று. ஊருக்கே தெரியும், நீராவிக்கும் தெரியும். ஆனால் அதிகாரியின் அக்கா மகன் மேல் எவ்வளவு நாள் கோபப்பட முடியும்? எதிரே வந்தால் வணக்கம் வைக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் யாரோ அவனிடம், "அவங்க ஆளுங்க எல்லா எடத்துலயும் நொழஞ்சிட்டாங்க, அப்புறம் நம்ம புள்ளைக்கு எங்க கெடைக்கும்?" என்று சொல்லியிருக்கிறார்கள். அவங்க ஆளுங்க என்றால் நம் மாப்பிள்ளை ஆட்கள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது வசதியான கோபம். வணக்கம் வைக்கத் தேவையில்லை.

பிறகு கைப்பேசியில் பேச்சுகள் கேட்க ஆரம்பித்தான். சட்டைக்கு ஒரு பேச்சு, கால்சட்டைக்கு ஒரு பேச்சு. முதலில் இருவரும் சேர்ந்தே கேட்டுச் சிரித்தோம். பேசுகிறவன் தொண்டையைப் பார்த்தால் வெந்நீர் கொடுக்கலாம் போல இருக்கும். ஒருநாள் நீராவி, "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? அவங்க ஏன் எப்பவும் கூட்டமாவே போறாங்க?" என்றான். ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தால் டோக்கன் வாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தராகவா போவார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு மாதம் கழித்து அதே கேள்வியை அதே மாதிரி கேட்டான். நானும் அதே பதிலைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். நானோ, இதைவிட நல்ல ஜோக் ஒன்று கிடைக்காதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குழுவின் கூட்டத்துக்கு ஒருநாள் போனான். மறுநாள் முகமே வேறாக இருந்தது. என்னடா என்றேன். "உள்ள போனதும், ஐயா உக்காருங்கன்னு நாற்காலி போட்டாங்கண்ணே" என்றான். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலி. இருபத்தொன்பது வருஷம் நம் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவன் அவன். நம் அப்பாவும் சரி, நானும் சரி, ஒரு நாற்காலி போடவேண்டும் என்று நினைத்ததில்லை. அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. நான் பேச்சை மாற்றினேன்.

உன் அண்ணி கதை இன்னும் சின்னது. அவளுக்கு முழங்கால் வலி என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா? குழுவின் பெண்கள் நாலு பேர் வேன் எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வரிசையில் கூடவே நின்றார்கள். திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒத்தடம் கொடுக்கும் பையையும் வைத்துவிட்டுப் போனார்கள். கூடவே ஒரு துண்டுப் பிரசுரம். நம் முழங்காலை விசாரிக்கிறவர்கள் பொய்யா சொல்வார்கள் என்பது அண்ணியின் கட்சி. நான் கட்டின புருஷன், அவள் முழங்காலை ஒரு தடவைகூட ஒழுங்காக விசாரித்ததில்லை. அதனால் என் கட்சிக்கு ஓட்டு விழவில்லை.

இனி ஒரு புள்ளியின் கதைக்கு வருகிறேன். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எழுத்து, ஒரு எண். காலருக்கு உள்ளே குறி மையால் எழுதுவோம். அது சட்டை கிழிகிற வரைக்கும் போகாது. போன வருஷம் மார்ச் மாதம் ஒருநாள், முக்குக் கட்டடத்துப் பல் டாக்டரம்மா மூட்டையோடு வந்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு அவங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா எங்க துணிய அவங்க துணியோட சேத்துப் போடாதீங்க. எதாவது தொத்திக்கும்" என்றார். "டாக்டர், அவங்க வாய்க்குள்ளயே கைய விடுறீங்க, துணிக்குப் போய் பயப்படுறீங்களே?" என்றேன். டாக்டரம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதுக்குக் கையுறை இருக்கே" என்றார். ஜோக் நன்றாக எடுபட்டதா, சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். வாடிக்கைக்காரரை இழக்க முடியுமா? அன்றிலிருந்து மாப்பிள்ளை ஆட்கள் வீட்டுத் துணிகளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. கடுகு அளவுதான். புள்ளி உள்ளது இரண்டாவது இயந்திரத்தில், இல்லாதது முதலாவதில். புள்ளி பிறந்த கதை இவ்வளவுதான், இதில் என் பங்கு பேனாவைப் பிடித்தது மட்டுமே. ஒரே மாதத்தில் பதினோரு வீட்டுக்காரர்கள் வந்து, "எங்களுதும் தனியாத்தானே போடுறீங்க?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனார்கள். அதற்கு முன் இருபது வருஷம் எல்லோர் துணியும் ஒன்றாகச் சுற்றியது, ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

நானும் ஒரு கூட்டத்துக்குப் போனேன். கோபித்துக்கொள்ளாதே. போகாதவர்களைக் குறித்து வைக்கிறார்கள் என்று நீராவி சொன்னான். போன இடத்தில், "நம்ம லாண்டரிக்காரரு நல்லா சிரிக்க வெப்பாரு, ரெண்டு வார்த்த பேசட்டும்" என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. நாலு பேர் இருந்தாலே வாயை மூட மாட்டேன், அங்கே இருநூறு பேர். மாப்பிள்ளை ஆட்கள் பேசுவது மாதிரி பேசிக் காட்டினேன். கடையில் வந்து துணி கேட்பது, பொத்தானை எண்ணிப் பார்ப்பது, எல்லாம். இருநூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது போல இருந்தது. வெறும் சிரிப்புத்தானே என்று சொல்லிக்கொண்டேன். போன தடவை நீங்கள் வந்தபோது மாப்பிள்ளை முன்னாலேயே இதைச் செய்து காட்டினேன், அவரும் சிரித்தாரே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிரித்தாரா, வால்? இப்போது யோசித்தால், உதடு மட்டும் அசைந்ததாகத்தான் ஞாபகம்.

எதிர்க் கடைத் தையல்காரர் ஞாபகம் இருக்கிறதா? நீ பொத்தான் என்று பெயர் வைத்தாயே, அவர். அவரும் மாப்பிள்ளை ஆட்களில் ஒருவர்தான். போன மாதம் ஒரு காலை பேருந்து வரிசையில் நின்றிருக்கிறார். சாம்பல் சட்டைகள் வந்து, வரிசையில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவரின் காலரையும் பின்னால் இருந்து திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். புள்ளி இருந்த மூன்று பேரைத் தனியே நிறுத்தினார்களாம். வரிசையில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பேருந்து வந்தது, ஏறிப் போனார்கள் என்றார். புள்ளி விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. நீராவிதான் சொல்லியிருப்பான். மேடையில் நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. அன்றைக்கு நான் என்னென்னவோ சொன்னேன், எல்லாமா ஞாபகம் இருக்கும்?

பொத்தான் பனியனோடு நம் கடைக்கு வந்தார். சட்டை கையில் இருந்தது. ஒரு காது சிவந்து, வீங்கிப் போயிருந்தது. "அண்ணே, இந்தப் புள்ளிய மட்டும் எடுத்துக் குடுங்க. நம்பரு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எலுமிச்சம்பழம் போட்டேன், பிளீச்சிங் பவுடர் போட்டேன், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். துணி நைந்தது, புள்ளி அப்படியே கிடந்தது. கடைசியில் கத்திரியால் வெட்டி எடுத்தேன். அவர் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இனி ஓட்டையத் தேடுவாங்க. ஒட்டுப் போட்டா ஒட்டத் தேடுவாங்க" என்று சொல்லிச் சிரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பதில் ஜோக் வரவில்லை. நீராவி அந்த நேரமெல்லாம் தலை நிமிராமல் ஒரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் பொத்தான் கடை திறக்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். வேறு மாதிரியும் சொல்கிறார்கள், அதை எழுத மாட்டேன். அந்த வாரம் வந்த சாம்பல் சட்டைகளில் ஒன்றின் கைப்பட்டியில் பழுப்பாகக் கறை இருந்தது. இந்தக் கறைக்குச் சுடு தண்ணீர் ஆகாது, துணியிலேயே தங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். ஊறவைத்தேன். நன்றாகப் போய்விட்டது. யாருடைய சட்டை என்று நான் பார்க்கவில்லை. சட்டையைக் கொடுத்தபோது, "அட, புதுசு மாதிரி இருக்கே" என்று பாராட்டினார்கள். நன்றி என்று சொன்னேன்.

ஆகவே நீ வராதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

அண்ணி உங்களுக்காக அறையை ஒழித்து மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. நேற்று தலையணை உறை மாட்டிக்கொண்டே, "தங்கச்சி வரட்டும், புள்ள வரட்டும். அவரு இப்ப எதுக்கு? எல்லாம் சரியானப்புறம் வரலாமே" என்றாள். என்ன சரியாக வேண்டும் என்று கேட்டேன். உறையின் நுனியை இழுத்து இழுத்து விட்டாள். உன்மேல் அவளுக்கு இருக்கும் பிரியம் கொஞ்சமும் குறையவில்லை, அதுதான் எனக்குப் பயம். நீராவியும் இன்று காலையில் உன் பிள்ளையைப் பற்றி, "சுண்டு யாரு சாயல்ணே? நம்ம பக்கமா, அவங்க பக்கமா?" என்று கேட்டான். ஆறு வயதுக் குழந்தைக்கு என்னடா பக்கம், நாய்க்குட்டி சாயல் என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பதிலுக்காகக் காத்திருந்தான்.

வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷம் வர முடியாது என்று. அண்ணி வாசிப்பாள், நீராவிக்குச் சொல்வாள், சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். நான் எழுதித்தான் நிறுத்தினாய் என்று ஒரு வார்த்தையில்கூடத் தெரியக் கூடாது. கடைக்குத் தொலைபேசியில் கூப்பிடாதே, நீராவிதான் எடுப்பான். இதை நான் கொதிகலன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலாபீஸில் முத்திரை குத்துகிறவரும் சாம்பல் சட்டை வாங்கிவிட்டார், ஆகவே மூன்று நிறுத்தம் தள்ளிப் போய் அங்குள்ள பெட்டியில் போடுவேன். மாப்பிள்ளை கேட்டால், அண்ணனுக்கு அம்மை போட்டிருக்கிறது, கிட்டே போனால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல். முழுப் பொய்யும் இல்லை.

ஒருவேளை என் கடிதத்துக்கு முன்னால் நீங்கள் கிளம்பிவிட்டால், காலை வண்டியில் மட்டும் வராதீர்கள். இந்த ஊரில் இறங்கவே இறங்காதீர்கள். ஜன்னல் ஓரம் சுண்டுவை உட்கார வைக்காதே. நான் நடைமேடையில் நின்று கையசைத்தாலும் இறங்காதே. கைகூப்பிக் கேட்கிறேன், நான் சிரித்துக்கொண்டு கூப்பிட்டாலும் இறங்காதே.

இருக்கிற இடத்திலேயே மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். சுண்டு நன்றாகப் படிக்கட்டும், உன்னை மாதிரி வாயாடட்டும், என்னை மாதிரி வேண்டாம். மாப்பிள்ளையிடம் நான் ரொம்பவும் கேட்டதாகச் சொல். உங்கள் வாசலில் யாரும் வந்து நிற்காமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்.

பி.கு. முக்கியமானதை விட்டுவிட்டேன். போன தடவை வந்தபோது மாப்பிள்ளையின் சட்டை இரண்டை, நீலக் கட்டம் போட்டது ஒன்று, வெள்ளை ஒன்று, கடையில் நானே துவைத்து மடித்துக் கொடுத்தேன். நீராவி அந்த வாரம் லீவு. அவர் பார்க்காத நேரத்தில் காலரைத் திருப்பிப் பார். எண்ணுக்குப் பக்கத்தில் கடுகு அளவு இருக்கும். இரண்டையும் எரித்துவிடு. நீங்கள் வந்து போனது ஆகஸ்ட் மாதம். டாக்டரம்மா கடைக்கு வந்தது அதற்கு அடுத்த மார்ச்.